பன்னிரண்டாம் வகுப்பில் கால் வைத்த பிறகு: அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி வாசலில் பெற்றோர் பேச்சே மாறிவிடும். எந்த வீட்டுப் பிள்ளை சீனியர் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். "அண்ணா, நாங்க லேட் பண்ணிட்டோமா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். என் இரண்டு பிள்ளைகளின் விண்ணப்பக் காலத்தைத் தாண்டி வந்தவன் நான். அதன்பின் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் பலரோடும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போது ஒன்பது, பத்து, பதினொன்றின் மதிப்பெண்கள் கல்வெட்டு ஆகிவிட்டன. அவற்றைப் பற்றிப் புலம்ப ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இன்னும் கையில் இருப்பவை: எந்தக் கல்லூரிகளுக்குப் போடுகிறோம், எந்த மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு), எந்தத் தேதிக்குள், எழுத்தில் பிள்ளை எப்படித் தெரிகிறது, அப்புறம் இந்த ஆண்டுப் பாடங்கள். இவற்றில் அதிகப் பலன் தருவது கல்லூரிப் பட்டியல். எல்லோரும் குறைவாக யோசிப்பதும் அதைப் பற்றித்தான். மூத்தவளுக்கு நாங்கள் 14 இடங்களுக்குப் போட்டோம். அதில் 11 இடங்கள் பத்துப் பேரில் ஒருவரைக்கூட எடுக்காதவை. அந்த மார்ச் மாதம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. சின்னவனுக்கு 9 இடங்கள் போட்டோம், 6 கிடைத்தன. இத்தனைக்கும் இருவரில் மதிப்பெண் குறைந்தவன் அவன்தான்.

படி 1: பட்டியலுக்கு முன்னால் பணமும் விசாவும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையை உட்காரவைத்து, ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும் என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம், நீ படி" என்பது நம் வீடுகளின் வழக்கமான பதில். ஏப்ரலில் இடம் கிடைத்த பிறகு "இவ்வளவு கட்ட முடியாதும்மா" என்று சொல்வதைவிட ஆகஸ்டில் சொல்வது எவ்வளவோ மேல்.

ஒவ்வொரு கல்லூரி இணையதளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்று ஒன்று இருக்கும். 2011 முதல் அது சட்டப்படி கட்டாயம். வருமானம், சேமிப்பு விவரங்களைக் கொடுத்தால், அச்சிட்ட கட்டணத்தில் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு விழும் என்று ஓரளவு காட்டிவிடும். பட்டியலில் வரப்போகும் ஒவ்வொரு கல்லூரிக்கும் அதைப் போட்டுப் பாருங்கள்.

நிதியுதவிக்கு இரண்டு படிவங்கள் உண்டு. ஃபாஃப்சா என்பது மத்திய அரசின் படிவம். சிஎஸ்எஸ் புரொஃபைல் என்பது பல தனியார் கல்லூரிகள் கூடுதலாகக் கேட்பது. இரண்டும் வழக்கமாக அக்டோபர் 1 வாக்கில் திறக்கும். நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வாங்கிப்போட்ட ஃபிளாட்டையும் சொத்தாகக் காட்டத்தான் வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு ஃபாஃப்சாவில் விலக்கு உண்டு, இரண்டாவது வீட்டுக்குக் கிடையாது. அது எந்த நாட்டில் இருந்தாலும் சரி.

பிள்ளை எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருந்தால் கணக்கே வேறு. மத்திய அரசின் உதவி கிடையாது. தனியார் கல்லூரிகள் பலவற்றில், இங்கேயே கிண்டர்கார்ட்டன் முதல் படித்த பிள்ளையையும் வெளிநாட்டு மாணவர் வரிசையில்தான் வைப்பார்கள். அந்த வரிசையில் "உதவி வேண்டும்" என்று டிக் செய்வதே பல இடங்களில் வாய்ப்பைக் குறைக்கும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள்தான் எந்த நாட்டவராக இருந்தாலும் பணத்தேவையைப் பார்க்காமல் முடிவு செய்கின்றன. அரசுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, எச்-4 பிள்ளைகளுக்கு உள்மாநிலக் கட்டணம் தரும் மாநிலங்கள் உண்டு, ஆனால் நிபந்தனைகள் ஒரே மாதிரி இல்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல், அந்தப் பல்கலைக்கழகத்தின் ரெசிடென்சி அலுவலகத்துக்கே மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். 21 வயது ஆனதும் எச்-4 போய்விடும் என்பதையும், அது எந்தப் படிப்பாண்டில் வரும் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பட்டியல்

பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் தளமான காமன் ஆப்பில் 20 கல்லூரிகள் வரை போடலாம். போடலாம் என்பதற்காகப் போட வேண்டாம். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிக் கட்டுரைகள் உண்டு. பதினைந்தாவது கல்லூரிக்கு எழுதும் கட்டுரை பிள்ளையின் தூக்கக் கலக்கத்தைத்தான் காட்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை போதும் என்பது என் கணக்கு.

முதலில் கீழிருந்து தொடங்குங்கள். நம் வீடுகளில் எட்டாக்கனிகளை முதலில் எழுதிவிட்டு, கடைசியில் அக்டோபர் 28ஆம் தேதி வாக்கில் "சேஃப்டிக்கு ரெண்டு போடு" என்போம். உறுதியான கல்லூரி என்று எதையாவது எழுதினால் அதற்கு மூன்று சோதனைகள்: கட்டாயம் கிடைக்குமா, கட்ட முடியுமா, வேறு எதுவும் கிடைக்காவிட்டால் பிள்ளை முகம் சுளிக்காமல் போகுமா. மூன்றில் ஒன்று தவறினாலும் அது உறுதியான கல்லூரி இல்லை. இப்படி இரண்டைத் தேடிப் பிடிப்பதுதான் பட்டியலின் கடினமான பகுதி.

மாநிலச் சட்டங்கள் சில இடங்களில் கைகொடுக்கும். டெக்சஸில் வகுப்பின் முதல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு (யுடி) மட்டும் அந்த வரம்பு இறுக்கமானது: முன்பு 6 சதவீதம், 2026 இலையுதிர் பருவச் சேர்க்கையிலிருந்து 5. ஆனால் உறுதி பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான், கேட்ட மேஜருக்கு இல்லை. முதல் 5 சதவீதத்தில் இருந்தும் கணினி அறிவியல் கிடைக்காமல் வேறு துறையில் சேர்ந்த பிள்ளைகள் உண்டு. கலிஃபோர்னியாவில் முதல் 9 சதவீதத்துக்கு ஏதாவது ஒரு யுசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகத்தில் இடம் என்ற ஏற்பாடு இருக்கிறது. "ஏதாவது ஒரு" என்பதை அழுத்தி வாசியுங்கள். அது பெர்க்லியாக இருக்காது.

அடுத்து, ஊருக்கே தெரிந்த பெயர்களைப் பற்றி. யுசிஎல்ஏவுக்கு (லாஸ் ஏஞ்சலிஸ் யுசி) 2024 இலையுதிர் பருவத்துக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 1,46,000 பேர், இடம் கிடைத்தது நூற்றுக்குச் சுமார் 9 பேருக்கு. இந்த மாதிரி இடங்களில் 4.0 ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) வைத்திருப்பது வரிசையில் நிற்க டோக்கன் வாங்கியது போலத்தான். மூன்று போடுங்கள், நான்கு போடுங்கள். கிடைத்தால் கொண்டாடுவோம் என்ற மனநிலையில் போடுங்கள்.

நடுவில் உள்ள கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் ஒரே ஆவணம் காமன் டேட்டா செட். கல்லூரியின் பெயரோடு இதைச் சேர்த்துத் தேடினால், பெரும்பாலான கல்லூரிகளுக்குக் கிடைக்கும். அதில் சி7 என்ற அட்டவணைக்குப் போங்கள். மதிப்பெண், பாடங்களின் கடினம், தேர்வு மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், செயல்பாடுகள் என்று ஒவ்வொன்றையும் அந்தக் கல்லூரி "மிக முக்கியம்" என்கிறதா, "முக்கியம்" என்கிறதா, "கருதுவோம்" என்கிறதா, "கருதுவதில்லை" என்கிறதா என்று டிக் போட்டுக் காட்டியிருப்பார்கள். கட்டணம் வாங்கும் ஆலோசகர்கள் சொல்வதில் பாதி இந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் ஜிபிஏ சரிந்து, ஆனால் எழுத்தும் செயல்பாடுகளும் வலுவாக இருக்கும் பிள்ளைக்கு, அவற்றை "மிக முக்கியம்" என்று போட்டிருக்கும் கல்லூரிகளைப் பொறுக்கி எடுக்கலாம். அதே அட்டவணையில் "விண்ணப்பதாரரின் ஆர்வம்" என்றொரு வரி இருக்கும். அது முக்கியம் என்று போட்ட கல்லூரிக்கு ஆன்லைன் அறிமுகக் கூட்டத்தில் பெயர் பதிந்து கலந்துகொள்வதும், வரும் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதும் கணக்கில் வரும். கருதுவதில்லை என்றால் அந்த நேரத்தில் பிள்ளை தூங்கட்டும்.

மேஜரைப் பற்றிப் பேசாமல் நம்மவர்களுக்கு வழிகாட்டி எழுத முடியாது. பத்து வீட்டில் எட்டு வீடு கணினி அறிவியல். பல பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்தத் துறைக்குள் நுழையும் வாசல், பல்கலைக்கழகத்தின் பொது வாசலைவிட பல மடங்கு குறுகல். இல்லினாய் அர்பானா-ஷாம்பெயினும் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் இதற்குப் பெயர் போனவை. வாஷிங்டனில் வெளிமாநிலப் பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் என்பது கிட்டத்தட்ட லாட்டரி. "வேறு மேஜரில் நுழைந்து அப்புறம் மாறிக்கொள்ளலாம்" என்ற பழைய தந்திரமும் இந்த இடங்களில் செல்லாது, உள்ளே போன பின் மாறுவது இன்னும் கடினம். ஆகவே கல்லூரி பெயரைப் பார்த்து "இது மேட்ச்" என்று எழுதாதீர்கள். கல்லூரியும் மேஜரும் சேர்ந்ததுதான் ஒரு வரி. இல்லினாயில் கணினி அறிவியலோடு மொழியியல், பொருளாதாரம், பயிர் அறிவியல் என்று இணைத்துத் தரும் படிப்புகள் உண்டு. பிள்ளைக்கு அந்த இரண்டாவது பாடத்தில் உண்மையாகவே ஈடுபாடு இருந்தால் அது நல்ல வழி. இல்லாத ஈடுபாட்டைக் கட்டுரையில் வரவழைக்கப் பார்த்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே சாயம் வெளுத்துவிடும்.

படி 3: எஸ்ஏடி இன்னொரு முறை வேண்டுமா?

கல்லூரிச் சேர்க்கைக்கான இந்தப் பொதுத் தேர்வு ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பரில் உண்டு. எர்லி (முன்கூட்டியே போடும்) விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் அக்டோபர் தேர்வுதான் கடைசி. யுசி வளாகங்களும் கலிஃபோர்னியா ஸ்டேட் வளாகங்களும் மதிப்பெண்ணை அனுப்பினாலும் பார்ப்பதில்லை. எம்ஐடி 2022இலேயே தேர்வைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், ஆஸ்டின் யுடி ஆகியவை 2024இல் அறிவித்தன. பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் இந்த ஆண்டு விதி என்ன என்று அதன் தளத்தில் பாருங்கள், போன ஆண்டு எழுதிய அக்கா சொன்னதை நம்ப வேண்டாம். மதிப்பெண் அனுப்புவது உங்கள் விருப்பம் என்று சொல்லும் கல்லூரியில், சேர்ந்தவர்களின் நடு 50 சதவீத வரம்புக்குள் பிள்ளையின் எண் இருந்தால் அனுப்பலாம். மூன்று முறை எழுதியும் நகராத எண் நான்காவது முறையும் நகராது. அந்தச் சனிக்கிழமைகளைக் கட்டுரைக்குக் கொடுங்கள்.

படி 4: இந்த ஆண்டுப் பாடங்கள்

விண்ணப்பத்திலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாட அட்டவணை போகிறது. பதினொன்றில் ஏபி (கல்லூரி நிலை) பாடங்கள் நான்கு எடுத்துவிட்டு இந்த ஆண்டு ஒன்றே ஒன்று என்றால், வாசிப்பவர் அதைக் கவனிப்பார். கணக்கை விட்டுவிட வேண்டாம், பொறியியல் கேட்கும் பிள்ளைக்கு கால்குலஸும் இயற்பியலும் இருக்கட்டும். அதற்காக ஆறு ஏபி எடுத்து எல்லாவற்றிலும் பி வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

முதல் செமஸ்டர் முடிந்ததும் பள்ளியிலிருந்து மிட்-இயர் ரிப்போர்ட் போகும். ரெகுலர் முறையில் போட்டவர்களுக்கும், எர்லியில் தள்ளிவைக்கப்பட்டவர்களுக்கும் அது புது மதிப்பெண்ணைக் காட்டும் ஒரே வாய்ப்பு. ஒன்பதிலும் பத்திலும் தடுமாறிய பிள்ளை இப்போது ஏறுமுகமாக இருந்தால் அந்தத் தாளுக்கு எடை அதிகம். யுசியின் கணக்கில் பத்தும் பதினொன்றும்தான் ஜிபிஏ. ஆனால் அங்கேயும் கிடைக்கும் இடம் தற்காலிகமானது, பன்னிரண்டாம் வகுப்பில் டி வாங்கினால் பறிபோகலாம்.

படி 5: பரிந்துரைக் கடிதங்கள்

செப்டம்பர் முதல் வாரத்திலேயே, நேரில், கேளுங்கள். பதினொன்றாம் வகுப்பில் முக்கியப் பாடம் எடுத்த ஆசிரியர்கள் இருவர். ஏ வாங்கிய வகுப்பின் ஆசிரியர்தான் வேண்டும் என்றில்லை. பி பிளஸ் வாங்கிய வேதியியலில் ஆண்டு முழுக்க மதிய இடைவேளையில் போய்ச் சந்தேகம் கேட்ட பிள்ளையைப் பற்றி அந்த ஆசிரியரிடம் எழுத விஷயம் இருக்கும். கேட்கும்போது ஒரு பக்கக் குறிப்பு கொடுக்கலாம்: அந்த வகுப்பில் நடந்த இரண்டு மூன்று சம்பவங்கள், எந்த மேஜர், முதல் கெடு எப்போது. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று காமன் ஆப் கேட்கும். விட்டுக்கொடுங்கள், அப்போதுதான் கடிதத்துக்கு மதிப்பு.

பள்ளிக் கவுன்சிலரிடமும் தனியாக அரை மணி நேரம் வாங்குங்கள். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர் சங்கத்தின் பரிந்துரை, நடைமுறையில் அதைவிட அதிகம். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளாத பிள்ளையைப் பற்றி அவர் பொதுவாகத்தான் எழுத முடியும்.

படி 6: செயல்பாடுகள்

காமன் ஆப்பில் பத்து இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. சீனியர் ஆண்டில் புதிதாக ஒரு கிளப் தொடங்கி "நிறுவனர்" என்று போடுவது அலுத்துப்போன தந்திரம். இருப்பதை ஒழுங்காகச் சொன்னாலே போதும்.

எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளை ஒருவர் முதலில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருந்தது: "மூன்று ஆண்டுகளாகத் தமிழ்ப் பள்ளியில் தொண்டாற்றிச் சமூகத்துக்கு உதவுகிறேன்." அப்படி நீ என்னதான் செய்கிறாய் என்று கேட்டதும் வந்த பதிலையே எழுதச் சொன்னேன்: "ஞாயிறுதோறும் 14 குழந்தைகளுக்கு ல, ள, ழ பயிற்சி. நான் செய்த விளையாட்டு அட்டைகளை இப்போது 3 வகுப்புகள் பயன்படுத்துகின்றன." நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டாவதில் ஆள் தெரிகிறது.

வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொள்வது, தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, இந்தியக் கடையில் பில் போடுவது ஆகியவற்றை நம்மவர்கள் எழுதுவதே இல்லை. குடும்பப் பொறுப்புக்கும் சம்பள வேலைக்கும் அந்தப் பட்டியலில் தனி வகைகளே உண்டு. வாரம் பத்து மணி நேரம் போகிறது என்றால் கூசாமல் எழுதுங்கள்.

அரங்கேற்றம் பற்றி அம்மாக்கள் கட்டாயம் கேட்பார்கள். பன்னிரண்டு ஆண்டு நடனம் பெரிய விஷயம்தான். ஆனால் அரங்கேற்றம் நடந்தது என்பது தேதி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஜூனியர் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுத்தாளா, முதியோர் இல்லத்தில் ஆடினாளா, வழக்கமான இசைக்குப் பதில் வேறு ஏதாவது முயன்றாளா என்பதற்குத்தான் அந்த 150 எழுத்துகள். தமிழ் தெரிந்த பிள்ளைகள் சீல் ஆஃப் பைலிட்டரசி என்ற இருமொழிச் சான்றிதழையும் பள்ளியில் விசாரிக்கட்டும். கலிஃபோர்னியாவில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவியது அது, தமிழுக்கும் பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

படி 7: கட்டுரை

முக்கியக் கட்டுரை அதிகபட்சம் 650 சொற்கள். கோடையிலேயே முதல் வரைவு எழுதியிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குள் எழுதிவிட வேண்டும். கேள்விகள் ஏழு தருவார்கள், எதை எடுத்தாலும் ஒன்றுதான். வாசிப்பவர் தேடுவது, மற்ற தாள்களில் இல்லாத ஒரு மனிதரை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மெக்கானிக்கல் கேட்ட பெண் ஒருத்தி. முதல் வரைவு ரோபோடிக்ஸ் போட்டி பற்றியது: கடைசி நிமிடத்தில் மோட்டார் நின்றது, குழுவாக உழைத்தோம், தோல்வி பாடம் கற்பித்தது. தவறு ஒன்றும் இல்லை, ஆனால் அதே கட்டுரையை அந்த ஆண்டில் ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். வீட்டில் வேறு என்ன பிரித்துப் பார்த்திருக்கிறாய் என்று கேட்டேன். "கிரைண்டர்" என்றாள் வெட்கத்தோடு. பாட்டி கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் கிரைண்டர், டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓடுகிறது. ஆனால் மாவு சூடாகிவிடுகிறது, இட்லி ஊர் இட்லி மாதிரி வரவில்லை என்று பாட்டிக்குக் குறை. இவள் தேடிப் பிடித்தது இது: டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ், இங்கே 60. அதனால் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றுகிறது. கல் சூடாகி, மாவும் சூடாகிறது. இவள் தந்த தீர்வு பொறியியல் தீர்வுகூட இல்லை. ஊறவைத்த அரிசியோடு ஐஸ் தண்ணீர். பாட்டி அதை ஏற்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரச் சண்டைதான் கட்டுரை. ரோபோடிக்ஸ் செயல்பாட்டுப் பட்டியலிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

இப்படிப்பட்ட விஷயம் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு அது கட்டுரைக்கு உகந்தது என்று தோன்றாது. அதைக் கேட்டு வெளியே எடுப்பதுதான் பெரியவர்களின் வேலை. எழுதித் தருவது அல்ல. நாற்பத்தெட்டு வயது அப்பா திருத்திய வாக்கியம் பதினேழு வயதின் வாக்கியங்களுக்கு நடுவே பட்டு வேட்டி கட்டி நிற்கும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவதைத் தன் எழுத்து என்று அனுப்புவதைக் காமன் ஆப் மோசடி வகையில் சேர்த்துள்ளது. அதைவிட நடைமுறைக் காரணம், அது எழுதும் கட்டுரையில் கிரைண்டர் வராது.

2023 ஜூனில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் கல்லூரிகள் இனத்தை ஒரு தகுதியாக வைத்துப் பார்க்க முடியாது. ஆனால் தன் பின்னணி தன்னை எப்படி வளர்த்தது என்று பிள்ளை எழுதுவதற்குத் தடை இல்லை. தமிழ் அடையாளத்தை மறைத்து எழுதினால்தான் வாய்ப்பு என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, மறைத்தால் மிஞ்சுவது மொட்டையான கட்டுரைதான்.

யுசி கட்டுரைகள் வேறு சாதி. எட்டுக் கேள்விகளில் நான்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். அங்கே அழகான தொடக்கம், கவித்துவ முடிவு எல்லாம் வேண்டாம். என்ன செய்தாய், எப்படி, என்ன ஆயிற்று என்று நேரடியாகச் சொல்லலாம். பெரும்பாலோருக்கு யுசி பரிந்துரைக் கடிதமும் கேட்பதில்லை என்பதால் அந்த நான்கு பதில்களே பிள்ளையின் குரல்.

"எங்கள் கல்லூரி ஏன்?" என்ற துணைக் கட்டுரைக்கு ஒரு சோதனை: கல்லூரிப் பெயரை அழித்துவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் பொருந்துகிறதா? பொருந்தினால் திரும்ப எழுத வேண்டும். ஒரு பாடம், ஒரு ஆய்வகம், ஒரு மாணவர் குழு என்று அங்கே மட்டும் இருப்பதைப் பிடித்து, பிள்ளை ஏற்கெனவே செய்துவரும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்.

படி 8: எர்லியா, ரெகுலரா?

எர்லி ஆக்‌ஷன் என்றால் முன்னதாகப் போடுவது, கட்டுப்பாடு இல்லை. பல அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இதுதான் சரியான வழி, நவம்பர் 1 பொதுவான கெடு. சில இடங்களில் இன்னும் முந்தும்: சேப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்டின் யுடிக்கும் அக்டோபர் 15. யுசிக்கு நவம்பர் கடைசி, அங்கே எர்லி என்பதே இல்லை. அரிசோனா ஸ்டேட், பிட்ஸ்பர்க் போன்றவை வரவர முடிவு சொல்பவை. அவற்றுக்குச் செப்டம்பரிலேயே போட்டுவிட்டால் அக்டோபர், நவம்பரில் ஒரு "ஆம்" கையில் இருக்கும். அது வீட்டின் காற்றையே மாற்றிவிடும்.

எர்லி டிசிஷன் நிச்சயதார்த்தம் இல்லை, தாலி. ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம், கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுச் சேர வேண்டும். மாணவர், பெற்றோர், கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போடுவார்கள். தரும் நிதியுதவி போதாவிட்டால் மறுக்கலாம், ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம். எர்லி டிசிஷன் சுற்றில் தேர்வு விகிதம் பல கல்லூரிகளில் தெளிவாகவே அதிகம். அதில் ஏற்கெனவே பேசி முடித்த விளையாட்டு வீரர்களும் அடக்கம் என்பதால் முழு எண்ணையும் நம் பிள்ளைக்கான கூடுதல் வாய்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நெட் பிரைஸ் கால்குலேட்டர் காட்டிய தொகை கட்டக்கூடியதாகவும், அந்தக் கல்லூரிதான் முதல் விருப்பம் என்பதில் பிள்ளைக்குச் சந்தேகமே இல்லாமலும் இருந்தால் போடுங்கள். பல உதவித்தொகைகளை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க முடியும் என்ற வீடு இதன் பக்கம் போக வேண்டாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டில் உள்ளது மூன்றாவது வகை: சேரக் கட்டாயம் இல்லை, ஆனால் மற்ற தனியார் கல்லூரிகளுக்கு அதே சமயம் எர்லியில் போடக் கூடாது.

படி 9: அனுப்பும் வாரம்

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல்: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், பள்ளியில் இனிஷியலாக இருக்கும், எஸ்ஏடியில் வேறு ஏதோ. மூன்றும் பொருந்தாவிட்டால் மதிப்பெண் கல்லூரிக்குப் போயும் கோப்பில் சேராது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் போடுங்கள். பள்ளிப் பதிவு வேறாக இருந்தால் "முந்தைய பெயர்" கட்டத்தில் அதையும் சேருங்கள்.

கெடுவுக்கு மூன்று நாள் முன்பே, பிடிஎஃப் முன்னோட்டத்தை ஒருமுறை முழுக்க வாசித்துவிட்டு அனுப்புங்கள். கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனி போர்ட்டல் தரும். வாரம் ஒருமுறை அதைத் திறந்து எந்தத் தாள் வந்து சேரவில்லை என்று பார்ப்பது பிள்ளையின் வேலை. என் மூத்தவளின் ஒரு விண்ணப்பத்தில் பள்ளியிலிருந்து போக வேண்டிய டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) போகவே இல்லை. கேட்டபோது "போன வாரமே அனுப்பியாச்சு" என்றார்கள். போர்ட்டலைப் பார்த்ததால் தப்பித்தோம்.

படி 10: டிசம்பருக்குப் பிறகு

தள்ளிவைத்தார்கள் என்றால் மறுத்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை. ஒரு பக்கத்துக்குள் கடிதம் எழுதலாம்: இன்னும் விருப்பம் இருக்கிறது, விண்ணப்பித்த பின் நடந்த புது விஷயங்கள் இவை. பழையதைத் திரும்பச் சொல்லக் கூடாது. ஒருமுறை போதும், வாராவாரம் எழுத வேண்டாம். கடிதம் ஏற்பதில்லை என்று கல்லூரி சொல்லியிருந்தால் அனுப்பவே வேண்டாம்.

காத்திருப்புப் பட்டியலில் இடம் வந்தால் காமன் டேட்டா செட்டில் சி2 அட்டவணையைப் பாருங்கள். முந்தைய ஆண்டு எத்தனை பேர் காத்திருந்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று இருக்கும். சில ஆண்டுகளில் சில கல்லூரிகளில் அந்த எண் பூஜ்யம். அதனால் வேறு கல்லூரிக்கு மே 1க்குள் முன்பணம் கட்டிவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும். உதவித்தொகை குறைவாக வந்திருந்தால் நிதியுதவி அலுவலகத்துக்கு மரியாதையாக எழுதிக் கேட்கலாம். வேலை போனது, மருத்துவச் செலவு, இந்தியாவில் இருக்கும் பெற்றோரைப் பராமரிப்பது போன்ற காரணங்களை ஆவணத்தோடு சொல்லுங்கள்.

கிடைத்த இடம் கைநழுவவும் செய்யும். மதிப்பெண் சரிவு ஒரு காரணம், போன் இன்னொன்று. 2017இல் ஃபேஸ்புக் குழுவில் போட்ட மோசமான மீம்களுக்காகக் குறைந்தது பத்துப் பேருக்குக் கொடுத்த இடத்தை ஹார்வர்ட் திரும்பப் பெற்றது.

நினைத்த இடம் எதுவுமே வராவிட்டால் கம்யூனிட்டி காலேஜ் வழியை அவமானமாகப் பார்க்காதீர்கள். கலிஃபோர்னியாவில் அங்கே இரண்டு ஆண்டு படித்து, நிபந்தனைகளை நிறைவேற்றினால் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யுசி வளாகங்களில் ஒன்றில் உறுதியான இடம் வாங்கும் திட்டம் இருக்கிறது. வர்ஜீனியாவிலும் இதே மாதிரி ஒப்பந்தங்கள் உண்டு. இரண்டு ஆண்டுக் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். "ஊர்ல என்ன சொல்வாங்க" என்பதற்குக் கணக்கில் இடம் இல்லை.

சேரும் கல்லூரி முடிவான பின்னும் ஒரு தாள் பாக்கி: இறுதி டிரான்ஸ்கிரிப்ட். யுசிக்கு அது ஜூலை 1க்குள் போய்ச் சேர வேண்டும். பட்டமளிப்பு முடிந்து பள்ளி அலுவலகம் கோடை விடுமுறைக்கு மூடுவதற்குள் கோரிக்கையைக் கொடுத்துவிட்டு, சென்னைக்கு டிக்கெட் போடுங்கள்.